பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம்

நான்கு வருடங்களுக்கு முன்பு, கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டிச் சற்று உள்ளே இருக்கும் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியையாக இருந்தபோது நடந்தது இது. எனக்கு ஊர் சின்னசேலம் பக்கம். வாரம் முழுக்க வெள்ளிமலையில் வாடகை அறையில் தங்கிவிட்டு, லீவு நாளில் பஸ் பிடித்துக் கீழே இறங்குவேன். பள்ளியில் தலைமையாசிரியரும் நானும் இரண்டே பேர்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கணக்கைச் சொல்லி வாய் மூடுவதற்குள் விடை வந்துவிடும். ஒருநாள் விளையாட்டாக, ஓர் எண்ணை இரண்டால் பெருக்கி ஏழைக் கூட்டினால் இருபத்தொன்பது வருகிறது, அந்த எண் என்ன என்று கேட்டேன். கையில் சிலேட்டுகூட இல்லை. "பதினொண்ணு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. கள்ளக்குறிச்சியில் என் அக்கா மகள் அப்போது இதே ஐந்தாம் வகுப்புதான். டியூஷனுக்குப் போய் எக்ஸ், ஒய் என்று போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவாள். கீழே இருக்கிற பிள்ளை படிக்கும்போது மலையில் இருக்கிற பிள்ளை ஏன் படிக்கக் கூடாது என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த ரோஷத்தில் பாதி அக்காவின் மேல் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

தலைமையாசிரியர் வேண்டாம் என்றார். இயற்கணிதம் அடுத்த வருடம் ஆறாம் வகுப்பில் தானாக வரப்போகிறது, அதற்குள் என்ன அவசரம், பிள்ளை மிரண்டுவிடப் போகிறது என்றார். நான் கேட்கிற ஆளா? மறுநாளே பள்ளி விட்டதும் அவளை உட்கார வைத்துக்கொண்டேன். வீட்டில் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். தலையாட்டினாள். என் விசாரணை அதோடு முடிந்தது.

முதல் மாதம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. தெரியாத எண்ணுக்கு ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு, கடைசியில் அந்த எழுத்துக்குப் பின்னால் இருப்பதைப் பிடிப்பது அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. "தெரியாததுக்கே ஒரு பேர் வச்சுக்கினு தேடறது நல்லா கீதுங்க டீச்சர்" என்றாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஐப்பசி பிறந்ததும் எல்லாம் மாறியது. சின்னக் கணக்குகூடத் தப்பாக வந்தது. சொல்லிக் கொடுக்கும்போது வாசல் பக்கமே பார்த்தாள். தப்பு அதிகமானால் எனக்கும் சலிப்பு வந்து, போதும் போ என்று சீக்கிரம் அனுப்பிவிடுவேன். ஒருநாள் கொடுத்த பத்துக் கணக்கில் பத்தும் தப்பு. எனக்கு வந்த கோபத்தில், "உனக்கு இது சரிப்படாது. நாளையிலருந்து வராத" என்று சொல்லிவிட்டேன். அவள் கண் நிரம்பிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நோட்டு பெஞ்சிலேயே கிடந்தது.

தலைமையாசிரியர் சொன்னதுதான் சரி, வயதுக்கு மீறித் திணித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே நோட்டைத் திருத்த எடுத்தேன். விடை ஒன்பது வர வேண்டிய இடத்தில் பத்து. நான்குக்குப் பதில் ஐந்து. பன்னிரண்டுக்குப் பதில் பதின்மூன்று. பத்துக் கணக்கிலும் ஒன்றே ஒன்றுதான் கூடுதல். தெரியாத பிள்ளை இப்படித் தப்புப் போடாது. சரியான விடையைக் கண்டுபிடித்த பிறகுதான் இப்படித் தப்பாக எழுத முடியும்.

நோட்டை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். என் ஸ்கூட்டர் எப்போதும் தார் ரோட்டில் போய்விடும். பள்ளிக்குப் பின்னால் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் அதுவரை நான் கால் வைத்ததில்லை. மரவள்ளிக் கொல்லையைத் தாண்டியதும் ஓடைக்கரையில் அவர்களைப் பார்த்தேன். அவளுடைய ஊர்ப் பிள்ளைகள், எங்கள் பள்ளியில் படிப்பவர்கள்தான், ஆறு பேர். தூறலுக்கு ஒரு யூரியா சாக்கைத் தலைக்கு மேல் பிடித்தபடி நின்றிருந்தார்கள். ஒன்றாம் வகுப்புக் குட்டி தூங்கி விழித்த முகத்தோடு அவள் இடுப்பில் இருந்தது. அதுதான் என்னை முதலில் பார்த்தது.

"டீச்சர், இன்னிக்கி அக்கா நெறய தப்பு போட்டுச்சா? சீக்கிரமா வுட்டுட்டீங்களே" என்றது.

அவள் அதன் வாயைப் பொத்தினாள். நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அவர்கள் ஊருக்கு முக்கால் மணி நேர நடை. காட்டுப் பன்றியும் சமயத்தில் கரடியும் வரும் பாதை. அதனால் காலையில் எத்தனை பேர் சேர்ந்து கிளம்பினார்களோ அத்தனை பேரும் சேர்ந்துதான் திரும்ப வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. ஒரு தலை குறைந்தாலும் மற்றவர்கள் நகரக் கூடாது. ஏழு பேரில் இவள்தான் பெரியவள். மத்தியானம் சாப்பிட்ட சத்துணவோடு அந்த ஆறு பேரும் தினமும் ஒரு மணி நேரம் இங்கே காத்திருந்திருக்கிறார்கள். ஐப்பசியில் பொழுது சீக்கிரம் சாயத் தொடங்கியதும் சின்னதுகள் இருட்டுக்குப் பயந்து அழுதிருக்கின்றன. அன்று மழை வேறு கட்டியிருந்தது.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?" என்றேன்.

"சொன்னா நிறுத்திடுவீங்கன்னுதான் டீச்சர்" என்று சொல்லும்போதே உடைந்து அழுதாள். "எனக்கு அந்தக் கணக்கு வேணும்."

அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டு நானும் அழுதேன். பத்து வயதுப் பிள்ளை, தனக்கு ஆசையான படிப்பும் போகாமல், தங்கச்சி தம்பிகளும் இருட்டில் மாட்டாமல் இருக்க, தெரிந்த கணக்கைத் தப்பாகப் போட்டு என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறாள். அந்தக் குட்டியை நான் தூக்கிக்கொண்டேன். அவர்கள் ஊர் வரைக்கும் எட்டுப் பேருமாக நடந்தோம்.

மறுநாள் தலைமையாசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஏளனம் செய்வார் என்று பயந்தேன். அவரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தினமும் கடைசிப் பீரியடில் மற்றப் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்றார். அந்த வருடம் முடிவதற்குள் ஏழாம் வகுப்பு இயற்கணிதத்தையும் முடித்துவிட்டாள். அதன் பிறகு அவள் வேண்டுமென்று ஒரு தப்புகூடப் போட்டதில்லை.

இத்தனை சின்ன வயதில் இயற்கணிதம் தேவையா என்று கேட்பவர்களிடம், ஆசைப்படுகிற பிள்ளைக்குத் தாராளமாகச் சொல்லிக் கொடுங்கள் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். ஆனால் வீட்டுக்கு யாரோடு போவாய், அவர்கள் இப்போது எங்கே நிற்கிறார்கள் என்று கேட்காமல் எந்தப் பிள்ளையையும் ஐந்து நிமிடம்கூட நிறுத்தி வைக்க எனக்கு அதன் பிறகு மனம் வந்ததில்லை.