பெட்டி பொரித்த குஞ்சுகள்

என் வீட்டுக்காரர் கோயம்புத்தூரிலிருந்து குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்று கொண்டுவந்தார். சீமெண்ணெய் விளக்குச் சூட்டில் வேலை செய்யும். இனிக் கோழி எதற்கு என்று, அடைக்கு உட்கார்ந்திருந்த கோழியைத் தண்ணீரில் முக்கி விரட்டினார்.

பெட்டிக்குள் முட்டைகளை அடுக்கிவைத்து, வந்தவர்களுக்கெல்லாம் மூடியைத் திறந்து காட்டியே சூட்டைப் போக்கினார். அத்தனையும் கூமுட்டை.

இன்று காலை வைக்கோல் போருக்குள்ளிருந்து அதே கோழி குஞ்சுகளோடு வந்தது. ஒளிந்து அடைகாத்திருக்கிறது.

இவர் குஞ்சுகளை அள்ளிப் பெட்டிக்குள் போட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டார்.

"பாத்தீங்களா, நம்ம பெட்டி பொரிச்சதுங்க!"

"அட, கெட்டிக்காரருங்க நீங்க!"

"ஏனுங்க, கோழி கத்துதுங்களே?" என்றேன்.

"அது கெடக்குது. நீ போய் மோர் கொண்டா."

கோழி பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நான் பிள்ளை பெற்றபோதும் ஊருக்குச் சர்க்கரை கொடுத்துப் பாராட்டு வாங்கியவர் இவர்தான். உங்கள் வீட்டில் எப்படி?