ஓகூஸில் வந்த அழைப்பு

பிரித்தானியாவில் என்னை யாருக்காவது தெரிந்திருந்தால் அது ஒரேயொரு பாட்டால்தான். பாடியவன் நானல்ல, பின்னால் இருந்து ட்ரம்ஸ் வாசித்தவன். யாழ்ப்பாணத்திலிருந்து சிறுவயதில் அகதியாக லண்டனுக்குப் போய், பள்ளிக்கூட மண்டபத்தில் சும்மா கிடந்த ட்ரம்ஸில் அடித்துப் பழகினேன். வகுப்பு நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய இசைக்குழு எங்களுடையது. அந்தப் பாட்டு வானொலியில் ஓடிய கோடையில் பெண்கள் பாடகனைச் சூழ்ந்து நிற்பார்கள். நான் வான் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருப்பேன். எனக்கு அதுவே பிடித்திருந்தது.

ஊரில் யுத்தம் முடிகிற நாட்களில் நாங்கள் டென்மார்க்கில் இருந்தோம். பாட்டுப் பழசாகிவிட்டது, மண்டபங்களும் சிறுத்துவிட்டன. அங்கே ஓகூஸ் நகரில் ஒரு பின்னேரம், மேடையில் ஒலி சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. வன்னியில் வாத்தியாராக இருந்த அண்ணன். மாதக்கணக்கில் அவர் குரலைக் கேட்கவில்லை. யாரிடமோ சட்டலைட் போன் வாங்கி எடுத்திருந்தார்.

“தம்பி, கேக்குதோ?”

“ஓம் அண்ணா, சொல்லுங்கோ.”

“கடற்கரைப் பக்கம் வந்திட்டம். பிள்ளையள் சுகம். அக்காவுக்குச் சொல்லிவிடு.”

அவருக்குப் பின்னால் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. ஒன்று, பிறகு கொஞ்சம் அமைதி, பிறகு இரண்டு சேர்ந்தாற்போல. எந்தச் சத்தம் கேட்டாலும் தாளம் தேடுகிற உடம்பு என்னுடையது. வலது கால் தன்பாட்டில் பெடலை மிதித்துவிட்டது. பெரிய ட்ரம் அந்த வெறும் மண்டபத்தில் அதிர்ந்தது.

“அங்கையும் அடிக்கிறாங்களோ?” என்று அண்ணன் பதறினார்.

“இல்லை அண்ணா, அது நான்...”

தொடர்பு அறுந்துவிட்டது.

பாடகன் வந்து பக்கத்தில் குந்தினான். “இன்றைக்கு விட்டுவிடலாம்” என்றான். நான்தான் மறுத்தேன். அறையில் தனியே இருக்கப் பயமாக இருந்தது. ஆனால் நிகழ்ச்சி தொடங்கியதும் வலது கால் அசையவில்லை. பெரிய ட்ரம்மைத் தொடாமலே எல்லாப் பாட்டையும் வாசித்து முடித்தேன். பேஸ் கிதார்க்காரன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு என் இடத்தையும் அவனே நிரப்பினான். சனம் கைதட்டியது.

மறுநாள் ரயிலேறி, டென்மார்க்கிலேயே கோல்டிங்கில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனேன். குழு வேறொருவரை வைத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போனது. அக்காவும் நானும் தொலைக்காட்சிக்கு முன்னால் கிடந்தோம். கடைசியில் எல்லாம் முடிந்துவிட்டதென்று அறிவித்தார்கள். அக்காவின் மகள் டெனிஷில் கேட்டாள்: “போர் முடிஞ்சால் பெரிய மாமா இனி இங்க வரலாம்தானே?” அக்கா அவளுக்குத் தலை பின்னத் தொடங்கினார்.

அண்ணியும் பிள்ளைகளும் முகாமில் இருப்பது பிறகு தெரியவந்தது. அண்ணியோடு கதைக்க முடிந்தபோது அண்ணனைப் பற்றிக் கேட்டேன்.

“போன் கதைச்சிட்டு வந்தவர், ‘டென்மார்க்கிலையும் ஷெல் விழுதாம்’ எண்டார். நான் சிரிச்சன். அவர் சிரிக்கேல்லை. தண்ணி எடுக்கப் போட்டு வாறன் எண்டு போனவர்தான்.”

அதன் பிறகும் ட்ரம்ஸ்தான் என் பிழைப்பு. லண்டனில் மற்றவர்களின் பாட்டுகளுக்கு வாசிக்கிறேன். சில வேளை நடுவில் கை நின்றுவிடும். “என்ன?” என்று ஒலிப்பதிவாளர் கேட்பார். ஒன்றுமில்லை என்று சொல்லி மறுபடி தொடங்குவேன்.

அண்ணி இப்போது யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி வந்த அலுவலர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டாராம். இன்னும் பொட்டு வைக்கிறார்.