கட்டாரிலிருந்து கவனித்த கார்

பளீல் கட்டாரில் ஒரு கட்டட நிறுவனத்தின் ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்தவர். சீமெந்து மூட்டையிலிருந்து கதவுப் பிணைச்சல் வரைக்கும் எது எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்டால், எழுந்து போய்ப் பார்க்காமலே சொல்லுவார். கொரோனாவோடு வேலைகள் நின்று, நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தபோது முதலில் அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். தனிமைப்படுத்தல் முகாமில் இருந்துவிட்டு, இரண்டு பெட்டிகளோடு கண்டிக்குப் பக்கத்திலுள்ள பிலிமத்தலாவைக்கு, தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வீடு கொழும்பு வீதியிலிருந்து இறங்கும் ஓர் ஒழுங்கையின் முடிவில் இருந்தது. முன்னால் தகரக் கூரை போட்ட கொட்டிலில் ஒரு சாம்பல்நிற ஆல்ட்டோ கார் நின்றது. சில வருடங்களுக்கு முன் லீவில் வந்தபோது பழைய காராக வாங்கியது. அந்த ஒரு மாதத்தில் மனைவி றமீலாவையும் மகள் நுஸ்ராவையும் ஏற்றிக்கொண்டு அக்குறணைக்கும் பேராதனைப் பூந்தோட்டத்துக்கும் போனார். ஹுன்னஸ்கிரிய பக்கம் பனிமூட்டம் பார்க்கவும் ஒருமுறை போனார்கள். திரும்பிப் போகும்முன் றமீலாவை ஓட்டப் பழகும் இடத்தில் சேர்த்துவிட்டார். அவருக்கும் அந்தக் காருக்கும் இருந்த நேரடி உறவு அவ்வளவுதான்.

ஆனால் தொலைபேசி வழியாக வேறோர் உறவு வளர்ந்திருந்தது. றமீலா வீட்டில் ரோல்ஸும் பெட்டிஸும் செய்து, காலையில் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கியிருந்தாள். கார் தினமும் ஓடியது. தினமும் ஓடும் காருக்குத் தினமும் ஏதாவது வரும். தண்ணீர் குறைந்தது, வைப்பர் றப்பர் கிழிந்தது, பெட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்தது என்று ஒவ்வொன்றுக்கும் அவள் டோஹாவுக்கு அழைப்பாள்.

பளீலுக்குக் காரின் பொனட்டுக்குக் கீழே எதுவும் தெரியாது. அதை மனைவியிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. குடும்பத்தைவிட்டு அவ்வளவு தூரத்தில் இருக்கிற மனிதனிடம் ஒரு பெண் உதவி கேட்கிறாள். அதற்கும் தெரியாது என்றால் பிறகு தான் அந்த வீட்டுக்கு யார் என்று நினைத்தார். நல்லவேளையாக, அறையில் அடுத்த கட்டிலில் தெல்தோட்டையைச் சேர்ந்த சுந்தரலிங்கம் இருந்தான். தோட்டத்து லொறியில் தொழில் பழகி, டோஹாவிலும் லொறி ஓட்டியவன். றமீலா கேட்டதும் பளீல், "கொஞ்சம் இரு, சிக்னல் இல்ல" என்று போனில் பொத்தானை அமர்த்தி, தன் பக்கத்துச் சத்தம் அவளுக்குக் கேட்காமல் நிறுத்திவிட்டு அவன் பக்கம் திரும்புவார்.

"மொதல்ல எஞ்சின் ஆறட்டும்னு சொல்லுங்கண்ணே" என்பான் அவன். "சூட்டோட ரேடியேட்டர் மூடியத் தொறந்தா மூஞ்சி வெந்துரும்."

பளீல் மறுபடி பொத்தானை அமர்த்தி, "எஞ்சின் நல்லா ஆறின பொறகுதான் மூடியத் தொறக்கோணும்" என்று தன் சொந்த அனுபவத்தைப்போலச் சொல்லுவார்.

காலம் போகப்போக இவையெல்லாம் அவருக்கே மனப்பாடமாகிவிட்டன. எயார் பில்டரை எப்படித் தட்டித் தூசெடுப்பது, பிளக்கின் நுனி எந்த நிறத்தில் இருந்தால் நல்லது என்றெல்லாம் சாப்பாட்டு மேசையில் மற்றவர்களுக்கு விளக்கத் தொடங்கினார். வாய் பழகிவிட்ட வேலையைக் கையும் பழகிவிட்டதாக அவருடைய மனசு நம்பிக்கொண்டது.

வீடு திரும்பிய முதல் வாரங்கள் அவருக்குக் கஷ்டமாக இருந்தன. ஒருவரும் ஒரு சொல் குறைவாகப் பேசவில்லை. ஆனாலும் வீடு அவர் இல்லாமல் ஓடப் பழகியிருந்தது. விடியுமுன் றமீலா எழும்பி எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைப்பாள். தட்டுகளைப் பின் சீட்டில் அடுக்கி, துணி போட்டு மூடி, கிரிபத்கும்புர வரைக்கும் போய்வருவாள். நுஸ்ரா கதவைச் சாத்திக்கொண்டு போனில் பாடம் கேட்பாள். பளீல் அறைக்கு அறை நடப்பார். உப்பு எந்தப் போத்தலில் இருக்கிறது என்றுகூட அவர் கேட்க வேண்டியிருந்தது.

கொட்டிலின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் பேசின் இருந்தது. அதில் ஸ்பெனர்கள், தண்ணீர்ப் போத்தலை வெட்டிச் செய்த புனல், பெட்டரி முனை தேய்க்கும் பழைய டூத் பிரஷ், ஒயில் ஊறிய ஒரு சோடி கையுறை எல்லாம் கிடந்தன. கையுறை சின்னது. பளீலின் கை அதற்குள் நுழையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை றமீலா, "இன்டைக்கி ஒயில் மாத்தணும்" என்றாள். தச்சன் செய்து கொடுத்த இரண்டு சரிவுப் பலகைகளின் மேல் காரின் முன் சில்லுகளை ஏற்றி, ஹாண்ட்பிரேக் போட்டு, பின் சில்லுகளுக்குக் கல்லும் வைத்தாள். கீழே விரிக்க அட்டையை எடுத்தபோது பளீல் வந்து நின்றார்.

"நான் செய்றேன். நான் வீட்ல ஈக்கும்போது நீ காருக்குக் கீழ படுத்தா பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க?"

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு ஸ்பெனரை நீட்டினாள். "கடைசில நட்ட இறுக்கக்குள்ள மட்டும் கொஞ்சம்..."

"எனக்குத் தெரியாதா? நான்தானே ஒனக்குச் சொல்லித்தந்த."

றமீலா மா உருட்ட உள்ளே போனாள்.

பளீல் அட்டையில் படுத்துக் கீழே நகர்ந்தார். செய்ய வேண்டியது ஒவ்வொன்றும் ஒழுங்காக நினைவுக்கு வந்தது. ஆனால் கீழேயிருந்து பார்க்கும்போது எல்லாமே தலைகீழாகத் தெரிந்தது. எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பதற்கே யோசிக்க வேண்டியிருந்தது. ஒருவழியாக ஒயில் வடியும் துளையை அடைத்திருந்த நட்டுக் கழன்றபோது கையை எடுக்கப் பிந்திவிட்டார். சூடான கறுப்பு ஒயில் மணிக்கட்டு வழியே சட்டைக் கைக்குள் ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டார். ஒயில் முழுவதும், சாமான்களைக் கொட்டிவிட்டுக் கீழே வைத்திருந்த பேசினில் வடியக் காத்திருந்து, நட்டுக்குப் புது வொஷர் போட்டு மறுபடி பூட்டினார்.

இறுக்கும்போது அவருக்கு ஒரு பயம் வந்தது. நட்டு இளகி, பேராதனைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒயில் எல்லாம் கொட்டி, பின் சீட்டு நிறையத் தட்டுகளோடு றமீலா வீதியில் நிற்பதுபோல் தோன்றியது. இன்னொரு இழுப்பு இழுத்தார். போதாது என்று பட்டது; இன்னொன்றும் இழுத்தார். இறுகிக்கொண்டே வந்த ஸ்பெனர் திடீரென்று லேசாகிவிட்டது. நட்டு ஒன்றையும் பிடிக்காமல் சும்மா சுற்றியது.

என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்தது. புரியாததுபோல எழும்பி, மேலே புது ஒயிலை ஊற்றினார். மறுபடி கீழே படுத்துப் பார்த்தார். நட்டின் ஓரத்தில் பொன்னிறமாக ஒரு துளி திரண்டு, நீண்டு, விழுந்தது. அடுத்தது திரண்டது. பேசினை இழுத்து அதற்குக் கீழே வைத்துவிட்டு அப்படியே படுத்துக் கிடந்தார். வெளியே வர அவருக்கு மனமில்லை.

றமீலா பிளேன்டீயோடு வந்தாள். காருக்கு வெளியே அசையாமல் கிடந்த இரண்டு கால்களைப் பார்த்தாள். "நித்திரையா?" என்று கேட்டாள். பதில் வராததால் குனிந்தாள். துளி விழுவதைக் கண்டாள். கோப்பையைச் சுவரோரம் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

சாதாரணமாகச் சொன்னாள். "சுந்தரலிங்கம் அண்ணனுக்குக் கோல் எடுத்துப் பாருங்களே."

பளீல் மெதுவாக வெளியே வந்தார். முகத்தில் ஒயில் கோடாக ஓடியிருந்தது. "அவன ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"சத்தத்த நிப்பாட்டுற பட்டன ஒவ்வொரு முறையும் சரியா அமத்தினீங்கண்டா நெனச்சீங்க? மூஞ்சி வெந்துரும்ண்டு அவர் சொன்னது எனக்கும் கேட்டிச்சு."

"அப்ப ஏன் ஒரு நாளாச்சும் சொல்லல்ல?"

றமீலா கையில் ஒட்டியிருந்த மாவைத் தேய்த்து உதிர்த்தாள். "சொன்னா நீங்க வெக்கப்பட்டு எடுக்கிறதக் கொறச்சிருப்பீங்க. சும்மா நாள்ல என்ன பேசுவீங்க? சாப்பிட்டியா, மகள் படிக்கிறாளாண்டு கேட்டுட்டு வெச்சிருவீங்க. காருக்கு வருத்தம் வந்தாத்தான் நாம ரெண்டு பேரும் அர மணித்தியாலம் பேசின." அவள் அவரைப் பார்க்காமல் தொடர்ந்தாள். "கொஞ்சம் பழகின பொறகு எனக்கே தெரியும். இல்லாட்டி வீடியோ பாத்துச் செய்வேன். வைப்பர் றப்பர் மாத்த எதுக்கு கட்டாருக்கு எடுக்கணும்? சும்மாதான் எடுத்தேன்."

டோஹாவில் அந்த அழைப்புகளை அவர் ஒரு கடமையாகவே நினைத்திருந்தார். வேலை முடிந்து களைத்துக் கிடக்கும் நேரத்தில் கார்ப் பேச்சு வந்தால் சில நாள் சலித்தும் இருக்கிறார். மறுமுனையில் ஒருத்தி, தனக்குத் தெரிந்ததையே தெரியாததுபோலக் கேட்டுக்கொண்டு, அவருடைய குரலைக் கொஞ்சம் கூடுதலாக வைத்திருக்கப் பார்த்தாள் என்பது இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தார். கோப்பையில் ஒயில் விரல்கள் பதிந்தன.

சுந்தரலிங்கம் விசயத்தைக் கேட்டுச் சிரித்தான். "மரை போயிருச்சு, அவ்வளவுதாண்ணே. கொஞ்சம் பெரிய சைஸ் நட்டு கடையில கெடைக்கும். பழசக் கையோட எடுத்துட்டுப் போங்க." கொஞ்சம் தயங்கி, "கோவிச்சுக்காதீங்க, பூட்டும்போது அக்காவப் பூட்டச் சொல்லுங்க" என்றான். போன் இப்போது நடுவில், தரையில் இருந்தது. மூவரும் கேட்கத்தான் பேசினார்கள்.

பளீல் பழைய நட்டைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு ஸெய்னுலாப்தீன் ஹாஜியாரின் உதிரிப்பாகக் கடைக்கு நடந்தார். ஹாஜியார் நட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஈக்கி, ஈக்கி" என்றபடி, எங்கேயோ இருக்கிறது என்ற நம்பிக்கையில் தேடத் தொடங்கினார். ஒரு பெட்டிக்குள் பல்ப், வொஷர், பழைய பில், பாதி பேரீச்சம்பழப் பொட்டலம் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. இன்னொரு பெட்டியைத் தலைகீழாகக் கொட்டினார். பின்னால் நின்ற இரண்டு பேர் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்கள்.

பளீலால் பொறுக்க முடியவில்லை. "ஹாஜியார், நான் கொஞ்சம் பாக்கட்டா?" என்று கேட்டு, கொட்டிக் கிடந்ததை அளவுப்படி மேசையில் பிரித்தார். மற்றப் பெட்டிகளையும் இறக்கினார். தேடிய நட்டு அகப்பட்ட பிறகும் அவருடைய கை நிற்கவில்லை. மிச்சத்தையும் இனம் பிரித்து வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். ஹாஜியார் கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கும் இந்தப் பக்கம் வருவீங்களா?" என்று கேட்டார்.

வீட்டில் றமீலா கையுறையைப் போட்டுக்கொண்டு கீழே படுத்தாள். பளீல் பக்கத்தில் படுத்து டோர்ச் பிடித்தார். அவள் நட்டை முதலில் விரலால் மட்டும் திருகினாள். கொஞ்சம் இறுகியதும் பின்னுக்கு எடுத்தாள், மறுபடி முன்னுக்குத் திருகினாள். வொஷர் ஒட்டியபின் ஸ்பெனரின் தலைக்குப் பக்கத்தில் பிடித்து ஒரே ஒரு சின்ன இழுப்பு.

"போதுமா?" என்றார் பளீல்.

"போதும்."

"இளகினா?"

"நாளைக்கிக் காலைல பாப்போம். அதுக்கு அடுத்த நாளும் பாப்போம்."

மறுநாள் ஹாஜியாரின் கடைக்குப் போன பளீல் அங்கேயே தங்கிவிட்டார். தட்டுகளுக்குப் பெயர் எழுதி ஒட்டினார். கொஞ்சக் காலத்தில் நாட்டுக்குள் பொருள் வருவது குறைந்து, ஒரு பிரேக் ரப்பருக்குக் கண்டி முழுக்க அலைய வேண்டிய நிலை வந்தது. கராஜுக்குக் கொடுக்க வசதியில்லாமல் ஆட்கள் தாங்களே கழற்றிப் பூட்டத் தொடங்கினார்கள். எந்தக் காரின் பாகம் எந்தக் காருக்குப் பொருந்தும், எது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் கடையில் இருப்பது அப்போதுதான் பெரிய விசயமாகப்பட்டது. அதை எப்படிப் பூட்டுவது என்று கேட்டால் பளீல், "அது எனக்குத் தெரியாது" என்று சொல்லுவார். முதல் முறை அதைக் கேட்டவரைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பிறகு பழகிவிட்டது.

பெற்றோலுக்கு ஆட்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் கார் கொட்டிலைவிட்டு அசையவில்லை. றமீலா பெட்டரி வயரைக் கழற்றி வைத்தாள். பளீல் ரோல்ஸ் தட்டுகளைக் கையில் ஏந்திக்கொண்டு பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு, அப்படியே கடைக்குப் போனார். மிதிபலகையில் தொங்கியபடி தட்டைச் சாயாமல் பிடிப்பது அவருக்கு நன்றாகவே வந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் றமீலா காரைப் பார்க்கும் நேரம் அவர் சமையலறையில் ரோல்ஸ் சுற்றுகிறார். மடிப்பை இன்னும் ஒழுங்காக ஒட்டத் தெரியவில்லை. எண்ணெயில் போட்டதும் சிலது வாய் பிளந்து, உள்ளே இருக்கிற உருளைக்கிழங்கு கருகிவிடுகிறது. றமீலா அவற்றையும் தட்டில் ஓரமாக வைத்துத்தான் அனுப்புகிறாள். கிரிபத்கும்புரக் கடைக்காரர் பார்த்ததும், "இது பளீல் நானா சுத்தினது" என்று கண்டுபிடித்து, தன்னுடைய தேநீருக்கென்று எடுத்து வைத்துக்கொள்கிறார். மொறுமொறுவென்று அதுதான் நன்றாக இருக்கிறதாம்.