வடக்குப்பட்டில் மடி பார்த்து மாடு பிடிக்கப் போனேன்

மாட்டுக்காரர் சொல்வதில் பாதியை நம்பு, தரகர் சொல்வதில் அதையும் நம்பாதே என்பார் என் மாமியார். 2005 பங்குனியில் அவருக்காக ஒரு சினைக் கிடாரி வாங்கத்தான் இந்தப் பயணம். ஒரகடம் பக்கம் மேய்ச்சல் நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போய்விட்டதால் மாடு மலிவு என்று கேள்வி. மலிவு என்றாலே எனக்குச் சந்தேகம்.

பூந்தமல்லியிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பி ஶ்ரீபெரும்புதூரில் பஸ் மாறினேன். அங்கிருந்து ஒரகடம் பன்னிரண்டு கிலோமீட்டர், டிக்கெட் ஐந்து ரூபாய். நைட் ஷிப்ட் முடித்த திருநெல்வேலிப் பிள்ளைகள் நின்றபடியே தூங்கினார்கள். வடக்குப்பட்டுக்கு ஷேர் ஆட்டோ. எதற்குப் போகிறேன் என்று டிரைவர் கேட்டார். மாடு என்றால் தரகரைக் கூட்டிவந்துவிடுவார் என்று பயந்து, கல்யாண வீடு என்று சொல்லிவைத்தேன்.

அஞ்சலை என்பவள் வீட்டுக் கிடாரி பளபளவென்று இருந்தது. ஏழு மாதச் சினை என்றாள். மடி இறங்கியிருந்தது, காம்பைப் பிதுக்கினால் பால் மாதிரி தண்ணீர்கூட வந்தது. வயிறுதான் ஏழு மாதம் சொல்லவில்லை. டாக்டர் உள்ளே கை விட்டுச் சினை பார்த்தாரா என்றேன். கைவிட்டால் கரு கலைந்துவிடுமாம், இங்கே யாரும் பார்க்க விடமாட்டார்களாம். அடேயப்பா, நல்ல கதை! ஏதோ மருந்து போட்டு மடியை இறக்கியிருக்கிறாள் என்று முடிவு கட்டி, டாக்டர் பார்க்காமல் பேச்சே இல்லை என்றேன். அரைமனதாகச் சம்மதித்தாள்.

ஒரகடத்திலிருந்து பைக்கில் வந்த மாட்டு டாக்டர் கைவிட்டுப் பார்த்து, கர்ப்பப்பை காலி என்றார். அஞ்சலை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சினை ஊசி போட்ட பிறகு கிடாரி பருவத்துக்கே வரவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். என்ன தீவனம் என்று அவர் கேட்டார். நெல் போட்ட நிலம் கம்பெனிக்குப் போனதால் வைக்கோல் கிடையாது. மிச்சமிருந்த துண்டு நிலத்தில் குதிரைமசால் என்ற தீவனப் பயிரை விதைத்து, காலை மாலை அதையே போட்டிருக்கிறாள். சத்துத் தீவனம் என்று யாரோ சொன்னார்களாம்.

சத்துதான், ஆனால் பெண் ஹார்மோன் மாதிரி வேலை செய்யும் ஒரு பொருளும் அதில் உண்டு என்றார் டாக்டர். அளவோடு போட்டால் தொந்தரவில்லை. அதையே வயிறு முட்டப் போட்டால் சினையில்லாத கிடாரிக்கும் மடி இறங்கலாம், பருவம் தப்பலாம். வைக்கோலும் புல்லும் கொடுத்துச் சில மாதம் கழித்து ஊசி போட்டால் சினை பிடிக்கலாம் என்றார். பிடிக்காவிட்டால் என்று அவள் கேட்கவில்லை. மலட்டு மாடு கறிக்குத்தான் போகும், அது எல்லோருக்கும் தெரியும்.

அப்போதும் என் சந்தேகம் அடங்கவில்லை. டாக்டர் கிளம்பியதும் ஒரு தரகர் மாடு வாங்க வந்த வேறொரு ஆளைக் கூட்டிவந்து, சினை மாடு, மடியைப் பாருங்கள் என்று ஆரம்பித்தார். இப்போது மாட்டுவாள் பார் என்று அங்கேயே நின்றேன்.

"சினை இல்லண்ணா," என்றாள் அஞ்சலை அந்த ஆளிடம். "மடியப் பாத்து ஏமாந்துடாதீங்க. நானே ஏமாந்துகினு இருந்தேன்."

தரகர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது.

மாடு வாங்கப் போகிறவர்களுக்கு: மடியை மட்டும் நம்பாதீர்கள், டாக்டரை வைத்துச் சினை பாருங்கள், என்ன தீவனம் என்று கட்டாயம் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், வல்லக்கோட்டை முருகன் கோயில் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க முடியாது.

கிளம்பும் முன், சினை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நானே பிடித்துக்கொள்கிறேன் என்றேன். அஞ்சலை என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வேணாம்மா. ஊசி புடிக்கலன்னா நீ இன்னா பண்ணுவன்னு எனக்குத் தெரியாது. என் வூட்லயே கெடக்கட்டும்."

சொல்லிக்கொண்டே கிடாரியை அவிழ்த்து உள்ளே ஓட்டிப்போய்க் கட்டினாள்.