சொல்லாமல் வைத்திருந்த விண்ணப்பம்

மூடியிருந்த என் வாயைத் திறந்த ஆண்டவரைத் துதித்து இதை எழுதுகிறேன். நான் ஹைதராபாத் ராமச்சந்திராபுரம் சபையைச் சேர்ந்த மேரி.

போன மழைக்காலத்தில், ஆப்பிரிக்காவில் வேலை செய்யும் என் கணவர் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். முதுகெலும்பில் அடி. அங்கே ஆபரேஷனுக்கு வசதியில்லை. ஹைதராபாத்துக்குக் கொண்டுவர கம்பெனி ஆம்புலன்ஸ் விமானம் ஏற்பாடு செய்தது. ஆப்பிரிக்காவிலேயே வேலை செய்யும் என் கொழுந்தன் துணைக்கு வருவதாகப் பேச்சு.

அதற்குள் பயண ஏற்பாட்டைக் கவனித்த ஏஜென்ட் போன் செய்தார். விமானம் வழியில் வேறொரு நாட்டில் எரிபொருள் நிரப்ப இறங்குமாம். கொழுந்தனுக்கு அந்த நாட்டு விசா வேண்டுமாம். அது வர நாளாகும்; துணையில்லாமல் நோயாளியை ஏற்றவும் மாட்டார்களாம். டாக்டரோ, தாமதித்தால் கால்கள் இரண்டும் வராது என்றார்.

என்னால் உட்கார முடியவில்லை. அடுப்பைப் பற்றவைப்பேன், அணைப்பேன். போனை எடுப்பேன், வைப்பேன்.

"அம்மா, டென்ஷன் நக்கோ, வேணாம்மா. சர்ச்ல சொல்லலாம்" என்றாள் மகள்.

"வேணாண்டி. உனக்கு மாப்பிள்ளை பாக்குற நேரத்துல, அப்பா படுத்துட்டார்னு எல்லாருக்கும் தெரியணுமா?"

எங்கள் உபவாச ஜெபத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே சொல்ல முடியாததை "பெயர் சொல்லாத விண்ணப்பம்" என்றால் போதும்; யாரும் தோண்ட மாட்டார்கள். அன்று அதைச் சொல்லத்தான் எழுந்தேன். பாதியில் அழுகை வந்தது. விழுந்தது, விமானம், விசா, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கச்சிபௌலி ஆபீஸ் ஒன்றில் ஊழியர்களின் வெளிநாட்டுப் பயணங்களைப் பார்க்கும் ஜெபா அக்கா கண்ணைத் திறந்தார்.

"இரு மேரி, ஆமென் அப்புறம் சொல்லிக்கலாம். உன் கொழுந்தன் அங்க பிளேனை விட்டு இறங்குவாரா?"

"இல்லக்கா. பெட்ரோல் போட்டதும் கிளம்பிடுமாம்."

"அப்புறம் என்ன, ஊர் சுத்தப் போறவருக்குக் கேக்குற மாதிரி விசா? மேல பறந்து போறதுக்குப் பயணிகிட்ட யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. பிளேன் தரையில இறங்கினாலும், நோயாளி கூடப் போறவருக்கு விலக்குத் தர்ற நாடுங்க இருக்கு. கேட்டாத்தான் தருவாங்க."

கைப்பையிலிருந்த போனை எடுத்து அங்கேயே ஏஜென்ட்டைப் பிடித்தார். "விலக்குக் கேட்டீங்களா? கேக்கவே இல்லையா! இப்பவே எழுதுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

மற்றவர்கள் முழங்காலில் நின்றார்கள். நான் மட்டும் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கும் சாயங்கால வேளையில் செய்தி வந்தது. விலக்கு கிடைத்துவிட்டது! அப்போதுதான் தரையில் விழுந்து வணங்கினேன்.

நேரத்தோடு வந்து சேர்ந்த அவருக்கு இங்கே ஆபரேஷன் நடந்தது. சென்ற மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். என் கணவர் கைத்தடியை ஊன்றி, தாமே எழுந்து நின்று அவர்களுக்கு ஸ்தோத்திரம் சொன்னார்.

பிரியமானவர்களே, நீங்கள் சொல்லாததையும் ஆண்டவர் அறிவார். பக்கத்தில் முழங்காலிட்டிருப்பவர் அறியமாட்டாரே! அவரிடமும் சொல்லுங்கள். எனக்கு வந்த பதில் ஜெபா அக்காவின் கைப்பையில், போனாக, என் பக்கத்திலேயே இருந்தது.