ஆகாது என்றவரை உட்கார வைத்தவர்

ஆரோக்கியசாமி சார் காலமானார் என்ற செய்தி எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, அவர் கடைசியாக அனுப்பிய படம் அதற்குச் சற்று மேலேயே இருந்தது. குடிநீர் சுத்திகரிக்கும் மெஷினிலிருந்து வீணாகப் போகும் தண்ணீரைக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பிய குழாய் அது. கீழே, ‘யாராவது குறை சொல்லுங்க’ என்று எழுதியிருந்தார். நாங்கள் ஆளுக்கொரு கட்டைவிரலை உயர்த்திவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருந்தோம். மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய தொல்லையும் தெரியும். அவர் இயற்பியல், நான் தமிழ். ஓட்டு வகுப்பறைகள் கோடையில் கொதிக்கின்றனவென்று கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தவர், உள்ளே எங்களை உட்கார வைத்து, “எப்படி இருக்கு டீச்சர்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குளுகுளுவென்று இருப்பதாகச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. வெளியே வந்தால் கண் கூசுகிறது என்று கணக்கு ஆசிரியர் முணுமுணுத்ததும்தான் சிரிப்பு வந்தது. மறுநாளே ஓட்டின் ஓரத்தில் ஒரு பந்தல் ஏறியது, அதில் பாகற்கொடியும் ஏறியது.

அவருடைய பூ உரமும் அப்படித்தான் பிறந்தது. நார்த்தாமலைப் பக்கம் ஓர் ஊரில் அம்மனுக்குப் பூச்சொரிதல் நடக்கும். சுற்று வட்டாரத்து மக்கள் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து சொரிந்த பூவையெல்லாம் திருவிழா முடிந்ததும் ஊருணியில் கொட்டிவிடுவார்கள். பூ அழுகி, தண்ணீர் நாறி, மீன் செத்து மிதக்கும். சார் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் ட்ரம்மைப் படுக்கைவாட்டில் மாட்டி, காற்றுக்குத் துளை போட்டு, பழைய சைக்கிளின் பெடலையும் செயினையும் இணைத்தார். பூவோடு காய்ந்த சருகைக் கலந்து அவ்வப்போது சுற்றிவிட்டால் உரமாகிவிடும். கோயில் வாசலில் எல்லோரும் பார்க்க ஏறி உட்கார்ந்து மிதித்தும் காட்டினார்.

முன்னாள் ஊராட்சித் தலைவி அழகம்மாள் முன்னால் வந்தார்.

“ஏன் சார், ஆத்தாளுக்குச் சொரிஞ்ச பூவைக் காலால மிதிச்சுத்தான் சுத்துவீங்களா? இதை அங்கிட்டு எடுத்துட்டுப் போங்க.”

கூடப் போயிருந்த எனக்குப் பயம் வந்துவிட்டது. சார் வேதக்காரர், கிறிஸ்தவர். ‘வெளியாள் வந்து நம் சாமியை அவமதித்துவிட்டார்’ என்று ஒருவர் குரல் கொடுத்தால் போதும், அந்த ட்ரம்மும் போகும், ஊருணியும் போகும். அவரோ இறங்கி, கைகூப்பினார்.

“தப்புத்தாங்க. எனக்கு இது தோணவே இல்ல. கையால சுத்துற மாதிரி செஞ்சா ஒத்துக்குவீங்களா?”

“செஞ்சு காட்டுங்க, பாப்போம்.”

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்கம்மா. வேற என்னென்ன ஆகாதுன்னு இப்பவே சொல்லிருங்க.”

அந்த அம்மா உட்கார்ந்து சொன்னார். ட்ரம் நடைபாதையில் இருக்கக் கூடாது, எச்சில் இலை சேரக் கூடாது, உரத்தை விலைக்கு விற்கக் கூடாது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேவிட்டேன், இவ்வளவு பேச்சு வாங்கியும் உங்களுக்கு உறைக்கவில்லையா என்று.

“கோவப்பட்டவங்கதான் டீச்சர் நம்ம மெஷினை ஒழுங்காப் பாத்தவங்க. நல்லாருக்குன்னுட்டுப் போறவங்க பாக்கவே இல்ல.”

அடுத்த ஆண்டு பெடல் இருந்த இடத்தில் ஒரு கைப்பிடி இருந்தது. முதல் சுற்று அழகம்மாள்தான் சுற்றினார். ஊருணிக்கு ஒரு கூடைப் பூ கூடப் போகவில்லை. விற்கக் கூடாதென்றதால் உரத்தை இலையில் மடித்துப் பிரசாதமாகக் கொடுத்தார்கள். குப்பை உரம் என்றால் மூக்கைப் பொத்துகிறவர்கள் கண்ணில் ஒற்றி வாங்கிப்போய் மல்லிகைக்குப் போட்டார்கள். “என் சயின்ஸ் பாதி தூரம்தான் வந்துச்சு டீச்சர், மிச்ச தூரம் ஆத்தாதான் கூட்டியாந்தாங்க. மாதா கோவிச்சுக்க மாட்டாங்க” என்றார் சார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

அடக்கத்துக்கு அந்த ஊரிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பினால் வீட்டு வாசலில் மாலைகள் குவிந்து கிடந்தன. கோயில் ட்ரம்முக்கு அனுப்பிவிடலாம் என்று நான்தான் வாயை விட்டேன்.

“ஆகாது” என்றார் அழகம்மாள். அழுதுகொண்டேதான் சொன்னார். “சாவுப் பூவை அதுல சேக்க முடியாது. சாருக்குன்னு தனியா ஒரு ட்ரம் இங்கயே வைங்க. கைப்பிடியை மட்டும் தாழ்வா வைங்க, அவரு வீட்டம்மாவுக்கு எட்டணும்.”

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அவருடைய கருவிகள் பள்ளிக்குப் போகட்டும். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது, ஆகாது என்ற சொல்லை முழுதாகக் கேட்கும் அந்தக் காதைத்தான். இலக்கணம் சொல்லிக் கொடுத்த கையால் சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்த ட்ரம்மை மாட்டி முடித்தேன். சாரின் மனைவி ஸ்டெல்லா அக்கா கைப்பிடியைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினார்.

“எப்படி இருக்கு அக்கா?” என்று கேட்டேன்.

“இன்னும் கொஞ்சம் எறக்கணும் டீச்சர்.”

ஸ்பேனரை எடுத்தேன்.