தாடைக்காரரும் பூனைப்பருந்தும்

ஸ்டுடியோவில் வந்து உட்காரும் யாரையும் "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க" என்று சொல்லாமல் அவர் படமெடுத்ததில்லை. கடைத்தெருவில் அவருக்குத் தாடைக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குவார், காலரை இழுத்துவிடுவார், கைக்குழந்தையின் மூக்கைக்கூடத் துடைத்துவிடுவார். முகத்துக்குக் குறுக்கே ஒரு தூசு இருக்கக் கூடாது. இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு தன்னைப் பெரிய கலைஞன் என்று நம்பிக்கொண்டிருந்தார். படங்களை வெட்டி உறையில் போட்டுக் கொடுக்கும் அவர் மனைவிக்கு அந்த நம்பிக்கை மருந்துக்கும் கிடையாது.

எதிர்க்கடை ஸ்டுடியோக்காரரின் மீன்கொத்திப் படம் பத்திரிகையில் வந்த அன்றுதான் இவருக்குப் பறவைப் பித்து தலைக்கேறியது.

"அவன் மீன்கொத்தின்னா நான் பருந்து!"

ஊருக்கு வெளியே புல்வெளியில் பூனைப்பருந்து ஜோடி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, நீள லென்ஸோடு கிளம்பிப் போனார். பகல் முழுக்க மரங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம். மறுமுறை கேமரா முக்காலி தூக்க மனைவியை இழுத்துப் போனார். முக்காலியை ஊன்றிவிட்டுச் சும்மா நின்ற அவள்தான் பார்த்தாள். சாம்பல் நிற ஆண் பறவை புல்லின் தலையை உரசுவதுபோல் தாழப் பறந்தது. ஆந்தைக்கு இருப்பதுபோல் வட்ட முகம். புல்வெளியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்து, புல்லுக்குள் எலி நகரும் சத்தத்தைக் கேட்டு, சட்டென்று கீழே விழுந்தது. எலியோடு எழும்பிக் குரல் கொடுத்ததும், புல்லுக்குள் இருந்து பழுப்பு நிறப் பெட்டை கிளம்பி வந்தது. ஆண் மேலேயிருந்து இரையைப் போட, பெட்டை அந்தரத்தில் மல்லாந்து காலால் பிடித்துக்கொண்டு, தரையில் இருந்த கூட்டுக்குள் இறங்கியது. குஞ்சுகளின் கீச்சுச் சத்தம் கேட்டது.

"வானத்துல இருந்தே வீட்டுச் சாமான் போடுது பாருங்க. நீங்க கடைக்குப் போனா பையையே மறந்துட்டு வருவீங்க" என்றாள். அவருக்கு அது காதில் விழவில்லை. படம் தவறிப்போன ஆத்திரத்தில் இருந்தார். அவளோ மனம் நிறைந்து வீட்டுக்கு வந்தாள். எத்தனையோ வருஷமாக அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வாய்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கடையில் உட்காரவைத்துவிட்டுத் தனியாகப் போனவர், கால்சட்டை முழுக்கப் புல் ஒட்டத் திரும்பி வந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"கூடு தெரியாம புல்லு மறைச்சுது. கொஞ்சம் ஒதுக்கிவிட்டுட்டேன். இனிமே பளிச்சுனு விழும்."

"எதால ஒதுக்குனீங்க?"

"அரிவாளாலதான். சீப்பாலயா ஒதுக்குவாங்க?"

பருந்துக்கும் முடி ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறது இந்த மேதாவி! அவள் கடைக் கதவை இழுத்துச் சாத்தி, கேமராவும் முக்காலியுமாக நின்றவரையும் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

வட்டமாக மழித்த தரையில் கூடு தட்டு மாதிரித் திறந்து கிடந்தது. இவர்களைக் கண்டு காக்கைகள் எழும்பிப் போயின. கூட்டில் ஒட்டியிருந்த குஞ்சுகளின் கொஞ்சம் வெள்ளைத் தூவியைத் தவிர வேறொன்றும் இல்லை. அவள் அழுதேவிட்டாள். அவர் முக்காலியை விரித்தார்.

இருவரும் விலகி வெகுநேரம் நின்ற பிறகு ஆண் பறவை வந்தது, காலில் எலியோடு. குரல் கொடுத்தது. பெட்டை எங்கிருந்தோ எழும்பி, மல்லாந்து, வாங்கியது. கேமரா படபடவென்று அடித்தது. பெட்டை கூட்டில் இறங்கி, இரையைக் கிழித்து, ஒரு துண்டை அலகில் வைத்துக்கொண்டு குனிந்தது. இந்தப் பக்கம் நீட்டியது. அந்தப் பக்கம் நீட்டியது.

"கிடைச்சிருச்சு! பாத்தியா, கிடைச்சிருச்சு!"

"யாருக்கு ஊட்டுது அது?"

"எது?" என்றார், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். இந்த மனிதனோடு ஒரே வீட்டில் இருப்பதை நினைத்து அவளுக்குக் கூசியது.

இப்போது அந்தப் படம் பெரிதாக்கப்பட்டு ஸ்டுடியோ சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். உறை ஒட்டிக்கொண்டிருக்கும் அவள் மட்டும் தலை நிமிராமல் சொல்கிறாள்:

"குஞ்சுங்க எங்கேன்னு கேளுங்க."

"அதெல்லாம் றெக்கை முளைச்சுப் பறந்து போயிடுச்சுங்க" என்கிறார் அவர், சிரித்தபடி.